நர்சம்மாவின் கீழ் இமை

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் தங்கச்சாமி அவர்களே, நம் சுகாதார நிலைய மருத்துவர் அவர்களே, புதூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் பிடித்து இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். மேடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. எழுதி வந்ததைப் படிக்கிறேன்.

செவிலியர் கோமதியம்மாள் இருபத்தாறு ஆண்டுகள் இந்தக் கரிசல் காட்டில் நடந்தார். தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் நின்று, வேலை முடிந்து வரும் பெண்களின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார்.

"ஏட்டி வெயிலம்மா, சுண்ணாம்பா வெளுத்துக் கிடக்கு. மாத்திரையை நீ தின்னியா, கோழிக்குப் போட்டியா?"

"கோழிக்குத்தான் நர்சம்மா. அது இப்ப என்னையவிடச் சிவப்பா இருக்கு."

அப்படி ஊருக்கெல்லாம் இமை பார்த்தவரின் இமையை யார் பார்த்தோம்?

ஒரு பெண் பிரசவத்தில் தம் கையிலேயே இறந்த நாள் முதல், பாலும் மோரும் தொடுவதில்லை என்று கழுகுமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டார். பிறப்பிலேயே சைவம். பத்து ஆண்டுகள் வெறும் சோறும் குழம்பும்தான். வெளுத்துப் போனார். ஊருக்குக் கொடுத்த சத்து மாத்திரையைத் தாமும் விழுங்கினார். இமை சிவந்தது. ஆனால் செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தார். ஊசி போட்ட குழந்தைக்கே மறுபடியும் போடப் போனார். யாரோ மருந்தை மாற்றி வைப்பதாக அழுதார்.

மேடையிலிருக்கும் மருத்துவர் அவர்கள் அவருடைய இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தம் நல்லாத்தான் இருக்கு. இது மனசுக் கோளாறு" என்றார். மனநிலை சரியில்லை, பணிக்கு ஏற்றவரல்லர் என்று ஒரு தாள் தயாரானது. கீழே தலைவர், மருத்துவர் தொடங்கிப் பதினோரு கையெழுத்துகள். வேலை போயிற்று. அந்தத் தாளைத் தட்டச்சு செய்தவள் நான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. ஒரு பிழைகூட இல்லாமல் அடித்தேன்.

"பால், மோர் சாப்பிடுவீங்களாம்மா?" என்று கேட்கப் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவர் வேண்டியிருந்தது. பாலிலும் கறியிலும் இருக்கும் பி12 என்ற வைட்டமின் குறைந்தால் ரத்தமும் நரம்பும் மூளையும் சேர்ந்தே கெடும், நம் சத்து மாத்திரை ரத்தத்தை மட்டும் தேற்றி மற்றதை மறைத்துவிடும் என்று அவர் சொன்னார். ஊசி போட்ட இரண்டாம் மாதம் புத்தி தெளிந்தது. கால் மட்டும் தேறவில்லை.

அந்தக் காலோடு, கம்பு ஊன்றி, ஏழு மாதம் வேலை கேட்டு வந்தார். "எங் கண்ணைப் பாக்க வேண்டாம், எங்கிட்டப் பேசிப் பாருங்க" என்றார். யார் பேசினோம்? "இன்னைக்கு யாரு மருந்தை மாத்தி வச்சா, நர்சம்மா?" என்று கேட்டுச் சிரித்தோம்.

கடைசி முறை என் மேசை முன்னால் நின்றார். "ஏட்டி பெருமாயி, நீ நல்லா அடிப்பியே. எனக்குப் புத்தி நல்லாருக்குன்னு ஒண்ணு அடிச்சுக் குடேன்" என்றார். நான் வேறு தாளை அடித்துக்கொண்டே இருந்தேன். அன்று திரும்பிப் போகையில், பஸ்ஸிலிருந்து இறங்கிய கால் தரையை உணராததால் விழுந்து இறந்தார்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிக்கச் சொன்னார்கள். சொல்கிறேன். இனி ஒருவரைக் கிறுக்கு என்று நாம் சொல்லுமுன், என்ன சாப்பிடுகிறார், கால் மரத்திருக்கிறதா என்று கேட்போம்.

அவர் கேட்ட தாளை நேற்று அடித்தேன். அவர் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே பதினோரு இடம் விட்டிருக்கிறேன். பதினொருவரும் மாலையோடு வந்திருக்கிறீர்கள்.