மூடிய கையில மஞ்சப்பூ

ரோடு மலையேறாத காலம் அது. மூங்கப்பட்டியில செவந்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். ஒரே மவன், மாதையன். தம்பி கொளந்தையன் பெத்த பொண்ணு வெள்ளச்சியத்தான் அவனுக்குக் கட்டி வச்சா.

ஒரு நா மத்தியானம், ஓடையிலருந்து வெள்ளச்சியத் தூக்கியாந்தான் மாதையன். உசிரு இல்ல. “தண்ணிக்குப் போனவ பாறையில வழுக்கி விழுந்துட்டா”ன்னு மாருல அடிச்சுக்கிட்டு அழுதானாம். ஊரே நம்புச்சு. செவந்தாயியும் நம்புனா.

பொணத்தக் குளிப்பாட்டுனது அவதான். ஒரு கை மட்டும் இறுக மூடியிருந்துச்சு. வெரல ஒவ்வொண்ணா நிமித்துனா. உள்ள கசங்குன மஞ்சப்பூ. இலையோட, வேரோட.

“ஆவாரம்பூம்மா. ஓடக்கரையில புடுங்கியிருப்பா. தூக்கிப் போடு”ன்னானாம் மாதையன்.

செவந்தாயி தண்ணி தெளிச்சு இதழ விரிச்சுப் பாத்தா. ஆவாரம்பூ இல்ல. கீழ் இதழ்ல பூன மீசையாட்டம் கறுப்புக் கோடு. வெத்தல மாதிரி இலை, ஆனா சின்னது. தண்டெல்லாம் பூமயிரு. கெழங்கு தோண்டப் போறப்ப எத்தன தடவ பாத்திருக்கா! மலைக்கு மேல, வெயிலே வுழாத மேச்சோலைக் காட்ட விட்டா அது வேற எங்கயும் மொளைக்காது. சாகப் போறவ பிடிமானத்துக்குப் பறிச்ச செடி. இவ செத்தது ஓடையில இல்ல.

அந்தக் கைய அவ திரும்ப மூடுனாளாம். ஆமா, மூடிட்டா. பெத்த வயிறில்லையா?

அப்பத்தான் கொளந்தையன் வந்து பொண்ணோட காலடியில உக்காந்தான். “அக்கா, எம்பொண்ணு துடிச்சுச் செத்தாளா, பட்டுன்னு போயிட்டாளா? நீ சொன்னா நம்புறேங்க்கா”ன்னான்.

செவந்தாயி மூடுன கைய மறுபடி விரிச்சா. “தம்பி, இது ஓடக்கரைப் பூ இல்லடா. மேச்சோலையில போயிப் பாரு”ன்னா.

“அம்மா!”ன்னு கத்துனான் மாதையன்.

ஆம்பளைங்க சோலைக்கு ஏறுனாங்க. செடியெல்லாம் மிதிபட்டுக் கெடந்துச்சாம். ஒடஞ்ச வளையலு. ரத்தம் காஞ்ச கல்லு. ஏன் கொன்னான்னு கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க, எது நெசமோ.

ஊரு அவன எல்லைக்கு அந்தப் பக்கம் வெரட்டுச்சு. யாரும் நெருப்பு குடுக்கக் கூடாது, சோறு குடுக்கக் கூடாது. செவந்தாயி வீடு எல்லையோரக் கடைசி வீடு. ஐப்பசி மழையில நின்னுக்கிட்டு, “அம்மா, குளுருதும்மா... அம்மா, குளுருதும்மா”ன்னு கூப்பிட்டானாம். செவந்தாயி உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தா. கதவத் தொறக்கல. பொறவு ஒரு நா அந்தச் சத்தம் நின்னுபோச்சு.

இன்னிக்கும் மூங்கப்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்தவ செத்துட்டா, பொறந்த வீட்டாள்களக் கூப்புட்டு, மாமியாக்காரி செத்தவளோட ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சுக் காட்டணும். “பாத்துக்குங்க”ன்னு சொல்லணும். அவங்க “பாத்தாச்சு”ன்னாத்தான் பாடை நகரும்.