சாயமில்லா நீலமும் சாகாத மாமியாரும்

உயிரோடிருந்த மாமியாரை இறந்துவிட்டார் என்று ஊருக்கு அறிவித்தவன், வெட்கமில்லாமல் உங்கள் முன் நிற்கிறேன். அவைத்தலைவர் திருச்செல்வம் அவர்களே! பெம்பான் வட்டாரப் பெரியோர்களே! ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்களே! முன்வரிசையில் முறுக்கைக் கடித்தபடி என்னை முறைக்கும் என் மாமியார் பாக்கியலட்சுமி அம்மையாரே! வணக்கம்.

இன்று நாம் பாராட்டும் டாக்டர் வதனா, என் நண்பர் தெங்கேரா யோகம் வாத்தியாரின் மகள். ஊசி போடும் டாக்டர் அல்லர். பின்வரிசையில் முழங்காலைத் தடவும் அண்ணன் ஏமாற வேண்டாம்! பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ந்தவர். மயிலிறகை அரைத்துப் பார்த்தவர்! வந்தது நீலமா? இல்லை. பச்சையா? இல்லை. மூக்குப்பொடி நிறத்தில் ஒரு தூள்!

“முருகனோட மயில் நீலத்தை எங்கம்மா தொலைச்ச?” என்று அலறினேன்.

“இறகுல நீலச் சாயமே இல்ல அங்கிள். கண்ணுக்குத் தெரியாத அடுக்குதான் இருக்கு. வெளிச்சம் அதுல பட்டுத் திரும்புறப்ப நீலமா தெரியுது லா.”

அந்த அடுக்கைத் தாமே கட்ட முனைந்தார். ஒரே அளவுள்ள நுண்ணுருண்டைகள் மிதக்கும் வெள்ளை நீர். பார்வைக்கு நம் ரப்பர் பால்தான். கண்ணாடித் துண்டில் ஊற்றி, மூன்று நாள் அசையாமல் காயவைத்தால், உருண்டைகள் வரிசையாய் அமர்ந்து நீலம் பூக்குமாம். வரிசை கலைந்தால் வெறும் சுண்ணாம்பு. இரண்டு வருடம் சுண்ணாம்புதான் வந்தது! “இந்த மாதமும் வராவிட்டால் ஆராய்ச்சியை விட்டுவிடு” என்றார் பேராசிரியர். ஆய்வுக்கூடத்தில் இயந்திரம் அதிரும். வாத்தியாரின் தெங்கேரா வீட்டு வாசல் சாலையில் லாரி அதிரும். எனவே ஒரு கண்ணாடி என் வீட்டுப் பின்னறைக்கு வந்தது.

தொண்ணூறு கிலோ உடம்பை வைத்துக்கொண்டு நான் பூனையாய் நடந்தேன். ஆனால் பக்கத்து வீட்டில் வீராசாமியின் உருமி மேள ஒத்திகை! ‘உருண்டை உட்காருது, நிறுத்துங்க’ என்றால் சிரிக்கமாட்டாரா? “மாமியார் தவறிட்டாங்க” என்றேன். மாமியாரோ சிம்பாங் அம்பாட்டில் மகன் வீட்டில் சௌக்கியமாக இருந்தார்.

மேளம் நின்றது. அடடா, அந்த அமைதி! மறுநாள் காலை, கண்ணாடி ஓரத்தில் நகத்தளவு நீலம். தலை சாய்த்தால் பச்சை, நிமிர்ந்தால் நீலம். கனவின் ஒரு முனையைக் கண்டவன்போல் சாய்ந்தும் நிமிர்ந்தும் கிடந்தேன்.

மாலை ஐந்துக்கு வாசலில் எட்டுப் பேர், எட்டு மேளம்!

“மேளமில்லாம அம்மாவ அனுப்புவமா? காசு வேணாம் லா அண்ணே!” என்றார் வீராசாமி.

சிரிக்கிறீர்களா? இழவு வீட்டில்தான் மேளம் கூடுதலாக அடிப்போம் என்பதை மறந்தவனைப் பார்த்து நன்றாகச் சிரியுங்கள்! சன்னல் ஆடியது, கட்டில் ஆடியது, கண்ணாடி ஆடியது. ஓடிவந்த வதனா, அதைப் பத்திரிகைத்தாளில் சுற்றி எடுத்துப்போனார்.

ஒரு வாரம் கழித்துத் தொலைபேசி. “நீலம் வந்திருச்சு அங்கிள்! முழுசா! பேராசிரியர் ஒத்துக்கிட்டார்!”

எப்படி வந்தது? படியைத் தட்டினால் அரிசி நெருங்கி அமர்வதில்லையா? உருமி தட்டியது, உருண்டைகள் அமர்ந்தன! நம் உருமி செய்த வேதியியல் அது! வெள்ளைப் பாலில் விடியல்களைக் கரைத்தவர்கள் நாம். அந்த வெள்ளையிலிருந்தே வானத்தை வடித்தெடுத்தாள் நம் பெண்! சாயம் பூசாமலே ஒளிரலாம் என்று சாதித்தாள் நம் பெண்!

கைதட்டிய கரங்களுக்கும், மன்னித்த மாமியாருக்கும் நன்றி கூறி, வணங்கி விடைபெறுகிறேன்.

இருங்கள், வதனா ஒரு சீட்டு நீட்டுகிறார். படித்தே தீரவேண்டும் என்கிறார் தலைவர்.

“அங்கிள், உங்க வீட்டுக் கண்ணாடி பஸ்ஸுலயே உடஞ்சிருச்சு. பேராசிரியர் பார்த்தது, மெஷின் பழுதாகி நின்ன வாரம் லேப்ல காய்ஞ்சது.”