சிவப்பு ரிப்பன் பிடித்த கை

உட்காரச் சொல்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை, மேடம். ஆறாம் வகுப்பிலிருந்து இங்கேதான் படிக்கிறேன். ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்வது இதுதான் முதல் தடவை. காற்று ஜில்லென்று வருகிறது.

ஷீலா மிஸ் மேல் தப்பில்லை என்று சொல்லத்தான் வந்தேன். மிஸ்ஸை வேலையை விட்டு அனுப்பப் போகிறீர்களாம், கேர்ள்ஸ் ஸ்போர்ட்ஸ் கிளப்பையே மூடப் போகிறீர்களாம், பி.டி. பீரியடில் இனிமேல் கணக்குதானாம். ஸ்போர்ட்ஸ் டே ஓட்டத்தில் சோயா விழுந்ததற்கு மிஸ்ஸின் கவனக்குறைவுதான் காரணம் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்கிறார்கள். மிஸ் கவனமாகத்தான் இருந்தார்கள், மேடம். நானும் கவனமாகத்தான் இருந்தேன்.

ஓட்டம் முடிகிற கோட்டில் ரிப்பன் பிடிப்பது சும்மா நிற்கிற வேலை என்று எல்லோருக்கும் நினைப்பு. அப்படி இல்லை. முதலில் வருகிறவளின் நெஞ்சில் ரிப்பன் பட்டதும் விரலைத் திறந்துவிட வேண்டும். முன்னாலேயே விட்டால் அது அவள் காலடியில் விழுந்துவிடும். ஜெயித்தவளுக்கு ஜெயித்த மாதிரியே இருக்காது. தாமதமாக விட்டால் இழுக்கும். அந்த ஒரு நொடி என் விரலுக்குத் தெரியும். வேறு எதிலும் நான் கெட்டிக்காரி இல்லை.

எனக்கு மூச்சு இரைப்பு. கிளப்பில் பேர் கொடுத்த அன்று அரை ரவுண்டு ஓடி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். ஷீலா மிஸ் சிரித்தார்கள். "அம்மா தாயே, நீ ஓடவே வேணாம். அந்தப் பக்கம் போய் இந்த நூலைப் புடிச்சுக்கிட்டு நில்லு, போதும்." அப்போதெல்லாம் தையல் வகுப்பில் மிஞ்சின உல்லன் நூல்தான். அன்றைக்கு முதலில் வந்தவள் சோயா. வந்தவள் நிற்கத் தெரியாமல் என் மேலேயே மோதி, இரண்டு பேரும் சுண்ணாம்புக் கோட்டில் உருண்டோம். எழுந்து பார்த்தால் இரண்டு பேரும் மாவில் புரட்டின பஜ்ஜி மாதிரி இருந்தோம். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கலே வந்துவிட்டது.

"உன் கை ராசிடி சாராளு," என்றாள். "இனிமே நீதான் புடிக்கணும்."

ஒரு தடவை எனக்குப் பதிலாக கிருபா பிடித்தாள். சோயா மூன்றாவதாக வந்தாள். அன்று அவளுக்குக் காய்ச்சல். ஆனால் காய்ச்சலை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. என் ராசி ஊர்ஜிதமாகிவிட்டது. வெளி ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் மீட்டுக்குப் போனால்கூட ஷீலா மிஸ் அங்கிருக்கிற சாரிடம் போய், "சார், கோவிச்சுக்காதீங்க, ரிப்பன் எங்க பொண்ணு புடிப்பா," என்று கெஞ்சுவார்கள். குன்றத்தூர் மீட்டில் ஒரு சார் கேட்டார், "இன்னாமா இது, கல்யாணப் பொண்ணு தோழியக் கூட்டினு வர்ற மாதிரி கீது?" நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஜெயித்துவிட்டுத் திரும்புகிற ஷேர் ஆட்டோவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மேடம். எங்கள் மடியில் கப்பு. சோயா தலையை வெளியே நீட்டி, "அண்ணா, கப்புக்கும் சேர்த்து டிக்கெட்டா?" என்பாள். "மடியில குந்திகினா ஃப்ரீ. சீட்டுல குந்துனா அஞ்சு ரூவா," என்பார் டிரைவர் அண்ணா. பம்மலில் இறங்கினால் அவள் அப்பா ஹாஜா மைதீன், அத்தா என்றுதான் அவள் கூப்பிடுவாள், பெல்ட் தைக்கிற பட்டறையிலிருந்து தோல் வாசனையோடு ஓடி வருவார். முதலில் கப்பைத் தொட மாட்டார். என் கையைத்தான் பிடித்துக் குலுக்குவார். "இந்தக் கைதாம்மா, இந்தக் கைதான்." உலகத்தில் வேறு யாரும் என் கையை அப்படிப் பிடித்ததில்லை.

இன்னொன்று உங்களுக்குத் தெரியாது. கடைசி எட்டுப் பத்து அடியில் சோயா கண்ணை மூடிக்கொள்வாள். நான் மட்டுந்தான் அதை எதிரிலிருந்து பார்த்திருக்கிறேன். "எதுக்குடி மூடுற?" என்று கேட்டதற்கு, "அங்கதான் நீ நிக்கிறியே," என்றாள்.

நம் ஸ்போர்ட்ஸ் டேக்கு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சோயா கிரவுண்டையே சுற்றிச் சுற்றி வந்தாள். எண்ணூறு மீட்டரில் நல்ல டைமிங் கொடுத்தால் பத்தாவது முடித்ததும் திருச்சிப் பக்கம் அனுப்பிவிடுவார்களாம். அவளுக்கு வேறு பேச்சே இல்லை. "தினம் முட்டைடி. தினம் பால். ஆணி வெச்ச ஷூடி. அத்தா பட்டறை முழுக்க லட்டு குடுக்கப் போறாரு." அவள் பட்ட சந்தோஷத்தில் எனக்கும் தலை சுற்றியது. நானும் கூடவே குதித்தேன்.

குதித்துக்கொண்டே, "அப்போ அங்க ரிப்பன் யாருடி புடிப்பாங்க?" என்று கேட்டேன்.

"அங்க ரிப்பனே கிடையாதாம்டி லூசு. கோட்டத் தாண்டினா போதுமாம். கேமராவே பாத்துக்குமாம்."

நான் சிரித்தேன். ரொம்ப நேரம் சிரித்தேன். இன்ஹேலர் எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவள்தான் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மறுநாள் தாம்பரம் மார்க்கெட் ஃபேன்சி ஸ்டோருக்குப் போய் சிவப்பு சாட்டின் ரிப்பன் வாங்கினேன். கடைக்கார அக்கா, "இன்னும் அகலமாத் தரட்டா?" என்றார்கள். அகலம் வேண்டாம், அறுந்துபோகாததாக வேண்டும் என்றேன். நூல் மாதிரி இல்லாமல் ஃபோட்டோவில் பளிச்சென்று தெரியும் என்று ஷீலா மிஸ்ஸுக்கு ஒரே சந்தோஷம். அசெம்பிளியில் எனக்குக் கைதட்டச் சொன்னார்கள். நீங்களும் தட்டினீர்கள், மேடம்.

ஸ்போர்ட்ஸ் டேக்கு முந்தின வாரம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு விளையாட்டு வைத்தேன். ரிப்பனின் ஒரு நுனியை வாலிபால் போஸ்டில் கட்டி, மறு நுனியை நான் பிடித்துக்கொள்வேன். ஓடி வருகிறவர்கள் என் பக்கமாக வரும்போது கையை முழங்கால் உயரத்துக்கு இறக்குவேன். விழுந்தவர்களுக்குத் தேன் மிட்டாய். நிறையப் பேர் விழுந்தார்கள். ஒரு பெண்ணுக்குப் பல் ஆடியது; அவளுக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தேன். "இன்னொரு வாட்டிக்கா, இன்னொரு வாட்டி," என்று ஒரே கும்மாளம். சீக்கிரம் இறக்கினால் தாண்டிவிடுகிறார்கள். நன்றாகக் கிட்டே வந்த பிறகு இறக்கினால்தான் சரியாக வருகிறது. அதை அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

ஸ்போர்ட்ஸ் டே அன்றைக்கு ரிப்பனின் மறு நுனியைப் பிடித்திருந்தது வாட்ச்மேன் தயாளன் அண்ணா. கடைசி ரவுண்டுக்கு மணி அடித்ததும், "அண்ணா, உங்க டீ ஆறிப்போவுதுண்ணா. குடிச்சிட்டு வாங்க, நான் போஸ்ட்ல கட்டிக்கிறேன்," என்றேன். "தங்கமான பொண்ணுமா நீ," என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை ஒன்றும் சொல்லாதீர்கள். டீயை நான்தான் வாங்கி வைத்திருந்தேன்.

எண்ணூறு மீட்டரில் கடைசியில் எல்லோரும் உள் கோட்டை ஒட்டித்தான் வருவார்கள். உள் பக்கம் நான் நின்றேன். சோயா அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததே இல்லை. கிரவுண்டு முழுக்க அவள் பேரைக் கத்தியது. அவள் அத்தா புதிதாக வாங்கின கேமரா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவள் கண்ணை மூடினாள். நான் கையை இறக்கினேன்.

அவ்வளவுதான். ரிப்பனை உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றியிருந்ததால் நானும் இழுபட்டு அவள் மேலேயே விழுந்தேன். முதல் நாள் மாதிரியே சுண்ணாம்பில் உருண்டோம். அவள் சிரிக்கப் போகிறாள் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். முழங்கால் திரும்பியிருந்த விதத்தைப் பார்த்த பிறகுதான் சிரிக்க மாட்டாள் என்று புரிந்தது. இதோ, என் உள்ளங்கையிலும் கோடு இருக்கிறது. எனக்கும் வலித்தது, மேடம்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. ஜெயிக்கிறவள் முகத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், ரிப்பன் பிடிக்கிறவளை யார் பார்ப்பார்கள்? அவள் அத்தா எடுத்த வீடியோவிலும் சோயாவின் முகந்தான் இருக்கிறது. ஓரத்தில் என் கை கொஞ்சம் வருகிறது, அதுவும் கலங்கலாக. நான் அவர் வீட்டில் உட்கார்ந்து பல தடவை போட்டுப் பார்த்தேன். "பாக்காதம்மா, மனசு தாங்காது," என்று போனை வாங்கி வைத்துவிட்டார்.

இப்போது தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் போகிறேன். சாப்பாடு ஊட்டுகிறேன், தலை பின்னிவிடுகிறேன். முன்னெல்லாம் சோயாவைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் இருப்பார்கள். இப்போது நான் மட்டுந்தான். நேற்று அவள் என்னிடம், "என் தப்புதான்டி. கண்ண மூடாம இருந்திருக்கலாம்," என்றாள். அப்படிச் சொல்லக் கூடாது என்று அவளைக் கண்டித்தேன்.

மிஸ்ஸை அனுப்பாதீர்கள், மேடம். கிளப்பை மூடாதீர்கள். டாக்டர் நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்: கட்டுப் பிரித்துப் பயிற்சி செய்தால் அடுத்த வருஷம் மறுபடி ஓடலாமாம். ஹாஸ்டலிலும் இன்னொரு தடவை வந்து பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். அவள் அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, "அன்னிக்கும் நீதான்டி புடிக்கணும்," என்றாள். நான் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும், மேடம். என் கைதான் அவளுக்கு ராசி.

நீங்கள் ரிப்பன் தேடி அலைய வேண்டாம். துவைத்து, இஸ்திரி போட்டு, என் பையிலேயே வைத்திருக்கிறேன். இதோ. கொஞ்சம் இழுத்துத்தான் பாருங்களேன். அறுந்தே போகாது.