ஏரி மேல் ஓர் அட்டைப்படம்

காபிக் கோப்பையை அந்த இசைத்தட்டு உறை மேல் வைக்காமல் இருந்தால் நல்லது, சார். வட்டக்கறை படிந்தால் போகாது. நன்றி.

'நியான் ஜனவரி' என்ற இந்தத் தட்டை வின்னிபெக்கில் ஒரு தேவாலயத்துப் பழம்பொருள் விற்பனையில், பின்னல் புத்தகங்களுக்கு அடியிலிருந்து எடுத்தவன் நான். 1985-இல் லார்னா பெட்காவ் என்ற உள்ளூர்ப் பெண் பாடிய நடனப் பாட்டுகள். பாதிப் பிரதிகள் கிடங்கில் வெள்ளம் புகுந்து போயின. மீதியை ஊர் கேட்காமலே மறந்தது. அதைப் பற்றி முதலில் எழுதியவனும் நான்தான். சின்தசைசரின் தனிமை குறித்து மூன்று பாகங்கள். பாடியவர் காலமாகிவிட்டார் என்று அதில் முடித்திருந்தேன். விசாரித்து எழுதியதில்லை. அப்படி முடித்தால் கட்டுரைக்கு ஒரு கனம் வந்தது.

எங்கள் இசைத்தட்டுக் கூட்டம் மாதம் ஒருமுறை என் வீட்டு நிலவறையில் கூடும். நான் தட்டைச் சுழலவிடுவேன், மற்றவர்கள் கேட்பார்கள். அப்படித்தான் நடந்துவந்தது. சென்ற இலையுதிர் காலத்தில் கர்ட்டிஸ் தீசன் ஓர் அம்மாளை அழைத்துவந்தான். கர்ட்டிஸ் கேசட் சேர்ப்பவன். அதிலிருந்தே ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

"ஒரெஸ்ட், நீ கொன்னுபோட்ட ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கேன், பாரு," என்றான்.

லார்னா பெட்காவ் பக்கத்து ஊரான செல்கர்க்கில், நீச்சல்குளத்தில் முதியோருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாராம். "என் சாவுச் செய்திய படிச்சேன், தம்பி. ரொம்ப உருக்கமா எழுதியிருந்தீங்க. எனக்கே அழுகை வந்துடுச்சு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு தட்டைச் சுழலவிட்டேன். அவர் பெரோகிக் கொழுக்கட்டையை மென்றுகொண்டே கூடவே பாடினார். தட்டைவிட நன்றாக இருந்தது. ஒருவர் எழுந்துபோய்த் தட்டை நிறுத்தினார், லார்னாவின் குரல் தெளிவாகக் கேட்க வேண்டுமாம். என் வீட்டில், என் தட்டை.

அவர் வீட்டுப் பரணிலிருந்து மூல ஒலிநாடாவையும் கர்ட்டிஸ் எடுத்துவிட்டான். மறுவெளியீடு செய்வானாம். உறையில் 'கண்டெடுத்தவர்: கர்ட்டிஸ் தீசன்' என்று போடுவானாம். அந்தக் காலத்து நாடாவில் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போயிருக்கும். ஓட்டுவதற்கு முன், பழம் உலர்த்தும் பெட்டியில் வைத்து மிதமான சூட்டில் பதமாகச் சுட வேண்டும். எங்கள் கூட்டத்தில் அது கைவந்தவன் நான் ஒருவன். ஆகவே என்னிடமே கொடுத்தான். இது அவனுடைய கவனக்குறைவு. நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் அதைச் சமையலறை மின்னடுப்பில், பீட்சாவுக்கு வைக்கும் சூட்டில் வைத்தேன். உலர்த்தும் பெட்டி பழுதாகிவிட்டது என்று சொன்னேன்.

கர்ட்டிஸ் அழுதேவிட்டான். லார்னா அவன் முதுகைத் தட்டினார். "விடுப்பா, நாடாதானே? பாட்டு பூரா எனக்கு ஞாபகம் இருக்குல்ல? புதுசா பாடிட்டா போச்சு. பாவம், ஒரெஸ்ட் தம்பி மூஞ்சியப் பாரு."

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதுவரை காரியம் முடிந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

இந்த உறையைப் பாருங்கள். உறைந்த வின்னிபெக் ஏரி மேல், வெள்ளி ஜாக்கெட்டில் தனியாக நிற்கிறார். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பழைய அட்டைப்படம் எடுத்த இடத்தைத் தேடிப்போய் அதே கோணத்தில் மறுபடியும் படம் எடுப்பது. பாடியவரையே நிறுத்தி எடுத்தவர் எங்களில் யாரும் இல்லை. கேட்டதும் ஒப்புக்கொண்டார். ஜனவரி மாதம், நல்ல வெயில், மைனஸ் முப்பதுக்கும் கீழே. கிம்லி கரையிலிருந்து பனி மேல் காரை ஓட்டிக்கொண்டு, மீன்பிடிக் குடில்களையெல்லாம் தாண்டி வெகுதூரம் போனோம். குடில்கள் படத்தில் விழக் கூடாது என்றேன். அது உண்மையும்கூட.

"சட்டுனு எடுப்பா. இந்த வயசுல சிலையா நின்னுடப்போறேன்," என்று சிரித்தபடி கனத்த கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். தொப்பி, கையுறை, கைப்பேசி எல்லாம் அதன் பைகளில் இருந்தன. உள்ளே அதே வெள்ளி ஜாக்கெட். இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன். நின்றார். படம் நன்றாக வந்தது. கோட்டை மடித்துப் பின்னிருக்கையில் வைத்துவிட்டுக் காரை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது கையசைத்தார். வட்டமடித்துத் திரும்பி வருவேன் என்று நினைத்திருப்பார்.

நான் அவரை வெறுக்கவில்லை, இன்ஸ்பெக்டர் சார். அவருடைய பாட்டை என்னைப்போல் மதித்தவர் யாருமில்லை. கட்டுரையில் ஒரு பிழை இருந்தது, இப்போது இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்றைய செய்தித்தாளில், ஏரியெல்லாம் தேடி அவரைக் கண்டெடுத்தவர் கர்ட்டிஸ் தீசன் என்று போட்டிருக்கிறார்கள். அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். அவர் இருந்த இடம் அவனுக்கு முன்பே எனக்குத் தெரியும்.