கால் சுற்று

காலையில் கடைக்குப் போகும் வழியில் பார்த்தேன், சார். உங்கள் ஸ்டேஷன் ஜீப்பை மூன்று காவலர்கள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வெள்ளைப் புகை. அதற்குப் பயப்பட வேண்டாம். டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் சூடு போதவில்லை என்று அர்த்தம். ஹீட்டர் பிளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். புகையே வராமல் செல்ப் மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால்தான் கவலை. டீசல் போய்ச் சேரவே இல்லை என்று பொருள். எங்கள் லாரிக்கு இருந்தது அந்த இரண்டாவது வியாதி.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். தம்பி உள்ளறையில் தூங்குகிறான், கொஞ்சம் மெதுவாகப் பேசினால் போதும். முதலிலிருந்தே சொல்கிறேன். நடுவிலிருந்து தொடங்கினால் நான் கெட்டவள் மாதிரித் தெரிவேன்.

அப்பா எங்களுக்கு விட்டுப்போனது அந்த லாரி ஒன்றைத்தான். எனக்கு விட்டுப்போனது லாரியையும் தம்பியையும். லாரிக்கு அவனைவிட வயது அதிகம், ஆனால் அடம் அவனுக்குத்தான் அதிகம். அவன் ஓட்டுவான், பழுது பார்ப்பது நான். அவனுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். பிடிப்பான், பாயசக் கரண்டி பிடிப்பது மாதிரி.

முதல் தடவை அது தானாக வந்த பழுது. அதை என் கணக்கில் எழுதாதீர்கள். ஒரு நாள் காலை லோடு ஏற்றிய வண்டி எடுக்கவில்லை.

"அக்கா, செல்ப் நல்லாத்தான் சுத்துது. பிடிக்கவே மாட்டேங்குது."

"புகை வருதா?"

"ஒண்ணும் வரல."

"அப்ப பேட்டரிய விடு. டீசல் வரல. கீழ படு."

டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் குழாயில் ஒரு நட்டு, வண்டி ஆடி ஆடித் தளர்ந்திருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு வேடிக்கை உண்டு, சார். அங்கே நட்டு தளர்ந்தால் டீசல் வெளியே சொட்டாது. பம்பு உறிஞ்சும் இடம் என்பதால் காற்றுதான் உள்ளே போகும். வண்டி நின்றிருக்கும் நேரத்தில் குழாயில் இருக்கும் டீசல் மெல்லத் திரும்ப டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் சாவியைத் திருப்பினால் பம்பு காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும். வெளியே ஒரு சொட்டு ஈரம்கூட இருக்காது. திருடன் வந்து போன வீட்டில் பூட்டு உடையாமல் இருப்பது போல.

அன்றைக்கு அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மத்தியானம் ஆகிவிட்டது. அவன் வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்துக் கதை பேசினான். நான் ஹேண்ட் பம்பை அடித்துக்கொண்டே கேட்டேன். சின்ன வயதில் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவன், வளர்ந்த பிறகு என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். இன்ஜின் பிடித்ததும் இரண்டு பேரும் கை தட்டினோம். அவன் கை கழுவினான், நல்ல சட்டை ஒன்றைப் போட்டான், போய்விட்டான்.

அந்தச் சட்டைதான் என்னை யோசிக்க வைத்தது. கல் லோடு ஏற்றிப் போகிறவனுக்கு இஸ்திரி போட்ட சட்டை எதற்கு?

துறைமுகத்துப் பக்கம் எடை மேடையில் சீட்டுக் கொடுக்கும் பெண் ஒருத்தி. லாரியின் எடையைப் போட்டுப் போட்டு என் தம்பியின் எடையையும் போட்டுவிட்டாள். கல்யாணம் ஆனால் அங்கேயே வீடு பார்ப்பதாகப் பேச்சு. லாரியும் அங்கேதான் நிற்கும். "நீயும் வந்துடுக்கா" என்றான். சொல்லும்போது அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். செருப்பைத் தேடிக்கொண்டே கூப்பிடுவதை யாராவது அழைப்பு என்று எடுத்துக்கொள்வார்களா?

ஒரு மாலையில் அந்த நட்டை நானே கால் சுற்று தளர்த்தினேன். ஒரு சுற்றில் நாலில் ஒரு பங்கு, அவ்வளவுதான். காலையில் அவன் வந்து "அக்கா" என்று கூப்பிட்ட குரல் இருக்கிறதே, அதைக் கேட்டிருந்தால் நீங்களே ஒரு ஸ்பேனர் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள்.

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்று இதைச் சொல்வார்கள். எனக்குத் தெரியும். கிள்ளியவளே ஆட்டினால் பிள்ளை சீக்கிரம் தூங்கும், எங்கே வலிக்கிறது என்று அவளுக்குத்தானே தெரியும்?

நானும் அவனும் தேட ஆரம்பித்தோம். எதையும் விட்டுவிடவில்லை. பேட்டரி முனைகளைச் சுரண்டித் துடைத்தோம், எர்த் ஒயரை மாற்றினோம். டீசல் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தோம். ஒரு நாள் டேங்கையே இறக்கிக் கழுவினோம். அதற்குள் அப்பாவின் பழைய பேனா மூடி கிடந்தது, அதைப் பார்த்து இருவரும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அந்த ஒரு இடத்துக்கு மட்டும் அவன் கை போகாதபடி பார்த்துக்கொண்டேன். "அத நான் போன தடவையே டைட் பண்ணிட்டேன்" என்பேன். அக்கா சொன்னால் சொன்னதுதான் அவனுக்கு.

பட்டறைக்காரர் ஒருவரையும் கூட்டிவந்தான். எங்கள் பகுதியில் அவரை நாசில் மாமா என்பார்கள். தலைவலி என்று போனாலும் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றச் சொல்கிற ஆள்.

"நாசில்தான்" என்றார், வண்டிப் பக்கம் திரும்பாமலே.

"புகையே வரலையே மாமா" என்றேன்.

"நீ ஒரு பக்கம் குழப்பாதம்மா."

எல்லா நாசிலையும் கழற்றிக்கொண்டு போனார். அதில் சில நாட்கள் நிம்மதியாகக் கழிந்தன. அவர் மேல் எனக்கு வருத்தமே கிடையாது.

பஸ்ஸில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அந்த ஒன்றுக்குத்தான் பயந்தேன். ஆனால் லாரிக்காரன் பஸ்ஸில் ஏறினால் பயணிகள் எல்லோரும் தன்னையே பார்ப்பதாக நினைப்பான். அதோடு லோடு வண்டியில் நிற்கும்போது அவனால் எங்கே போக முடியும்? கல்யாணத்தைப் பதிவு செய்யப் போக வேண்டிய நாளில்கூட லோடை இறக்கிவிட்டு அப்படியே போவதாகத்தான் திட்டம் போட்டிருந்தான். அன்றைக்கு அரைச் சுற்று தளர்த்தினேன். எனக்கும் கொஞ்சம் உறுத்தியது. அதனால் அவனுக்குப் பிடித்ததைச் சமைத்தேன்.

அந்தப் பெண் சாயங்காலம் வரை பதிவு ஆபீஸ் வாசலில் நின்றாளாம். போனில் அவள் அழுதது எனக்கே கேட்டது. அழுதாளே தவிர திட்டவில்லை. நல்ல பெண். சிக்கலே அதுதான், சார். கெட்டவளாக இருந்திருந்தால் அவனே விட்டிருப்பான்.

பிறகு இவன் ஒரு தந்திரம் கண்டுபிடித்தான். வாசலுக்கு எதிரே சரிவு இருக்கிறது அல்லவா? அங்கே வண்டியை முகம் இறக்கத்தைப் பார்த்தபடி நிறுத்துவான். ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருந்தது, பெயருக்கு. அதனால் முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு மரக்கட்டையைக் கொடுப்பான். காலையில் கட்டையை எடுத்துவிட்டு, உருட்டி, கிளட்சை விட்டால் கொஞ்சம் இருமிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். சில நாட்கள் அப்படித் தப்பித்துப் போனான். நான் அரைச் சுற்றை முக்கால் ஆக்கினேன். பிறகு சரிவிலும் எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வீட்டுக்கு வந்தாள். கையில் பழம், பைக்குள் ஒரு முழம் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் குழாய். பெண் பார்க்க வருகிறவர்கள் பூ கொண்டுவருவார்கள்; இவள் மாப்பிள்ளையின் லாரிக்கு டியூப் கொண்டுவந்தாள்.

"அக்கா, எங்க எடை மேடைக்கு வர்ற டிரைவர் ஒருத்தர் சொன்னாரு. டீசல் போற லைன்ல இத நடுவுல மாட்டிட்டு செல்ப் அடிச்சா, காத்து வந்தா குமிழ் குமிழா தெரியுமாம். ஒவ்வொரு இடமா மாத்தி மாட்டிப் பாத்தா எங்கருந்து காத்து வருதுன்னு கண்டுபிடிச்சிரலாமாம்."

"நல்ல யோசனைதான்" என்றேன். உண்மையிலேயே நல்ல யோசனை. எனக்கு அது எப்போதோ தெரியும்.

"நீங்க ஏற்கனவே பாத்திருப்பீங்களே?"

அவள் கேட்டது மரியாதையாகத்தான். ஆனால் கேட்டுவிட்டு என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடை போடுகிறவள் அல்லவா, முள் நிற்கும் வரை பார்ப்பாள்.

அவளுக்குக் காபி கலந்து கொடுத்தேன். பஸ் ஏற்றிவிடவும் நானே போனேன். திரும்பி வருவதற்குள் தம்பி பாயை எடுத்து, சரிவிலேயே நின்ற வண்டிக்குக் கீழே விரித்துவிட்டான். இரண்டு நாள் பொறு என்றேன், கேட்கவில்லை. ஆசை வந்தவனுக்குப் பொறுமை ஏது?

நான் மேலே ஏறி சாவியைத் திருப்ப வேண்டும், அவன் கீழே படுத்துக் குழாயைப் பார்க்க வேண்டும். அதற்காக வண்டியை நியூட்ரலில் போட்டது அவன்தான். ஹேண்ட் பிரேக் நம்பிக்கைக்கு ஆகாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

"அக்கா, கட்ட சரியா இருக்கா பாரு."

"இருக்குடா."

இருந்தது. நான் பொய் சொல்கிறவள் இல்லை.

டேங்குப் பக்கம் தலை, பின்சக்கரத்துக்கு முன்னால் கால். அப்படித்தான் படுத்திருந்தான். நான் செல்ப் அடித்தேன். "குமிழு வருதுக்கா, குமிழு வருது" என்று குழந்தை மாதிரிக் கத்தினான். குழாயை இன்னொரு இடத்தில் மாட்டினான். மறுபடி அடித்தேன். கீழே ஸ்பேனர் நட்டில் உரசுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, கீழ வா."

இறங்கினேன்.

"இந்த நட்டு லூசா இருக்கு. நீ டைட் பண்ணேன்னு சொன்னியே?"

"பண்ணினேனே."

"சுத்திலும் ஸ்பேனர் தடம் பளபளன்னு இருக்குக்கா. ஒரு தடவ ரெண்டு தடவ திருப்பினது இல்ல. யாரோ தெனமும்..." என்று நிறுத்தினான். பிறகு சின்னக் குரலில், "நீதானா?" என்றான்.

அவன் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன், சார். கோபம் ஒரு வேளைச் சாப்பாட்டோடு இறங்கிவிடும். அவன் கேட்ட விதத்தில் கோபமே இல்லை. பெட்டியைக் கட்டி முடித்தவன் கேட்பது போலக் கேட்டான். கீழிருந்து எழுந்து வந்தால் கை கழுவுவான், சட்டை மாற்றுவான், போவான். திரும்பிப் பார்க்க மாட்டான். அது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

அவன் எழுந்து வராமல் இருந்தால் போதும் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது.

கட்டையைக் காலால் தள்ளினேன். இறுகியிருந்தது, இரண்டாவது உதைக்குத்தான் வந்தது. வண்டி அவசரப்படவில்லை. ரொம்ப மரியாதையாக நகர்ந்து போய் எதிர் மதிலில் முட்டி நின்றது. அந்த இடைவெளியில் பின்சக்கரம் அவன் வலது கால் மேல் ஏறி இறங்கியது.

புடவையைக் கிழித்து முழங்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டியது நான்தான். அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டதும் நான்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர், "சரியான நேரத்துல கட்டினீங்கம்மா, இல்லன்னா ஆளே இல்ல" என்றார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். முழங்காலுக்குக் கீழேதான் எடுக்க வேண்டியதாயிற்று.

கட்டை வழுக்கிவிட்டது என்று உங்கள் ஆட்களிடம் சொன்னது தம்பி. நான் அவனைத் திருத்தவில்லை. உடம்பு முடியாதவனோடு தர்க்கம் செய்யலாமா? நீங்கள் கேட்டீர்கள், சொல்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண் லாரிக்குக் கீழே போய் நட்டைப் பார்த்துவிட்டு உங்களிடம் வந்தாள் என்பதும் எனக்குத் தெரியும். கெட்டிக்காரி. என் தம்பிக்குப் பெண் பார்க்கும் திறமை இருக்கிறது என்று பெருமையாகக்கூட இருந்தது.

அவள் தினமும் வாசலில் வந்து நிற்கிறாள். தூங்குகிறான் என்று சொல்லி அனுப்புகிறேன். செயற்கைக் கால் பொருத்த அளவெடுக்க ஒருவர் வந்தார். புண் நன்றாக ஆறட்டும், அப்புறம் வாருங்கள் என்றேன். ஆறிவிட்டது என்றுதான் அவர் சொன்னார். தம்பியின் வலி எனக்குத்தானே தெரியும்?

இப்போதெல்லாம் அவன் அதிகம் பேசுவதில்லை. நான் உள்ளே போனால் என் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கைகள்தானே வளர்த்தன, பாசம் இல்லாமல் போகுமா?

என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால் வருகிறேன். ஆனால் இன்றைக்கு வேண்டாம், சார். வேலை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள், புத்தம் புதுசு. நேற்றுத் தானே தள்ளிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டான். இன்று காலையிலிருந்து அதன் இடது சக்கரம் மட்டும் சுற்ற மாட்டேன் என்கிறது. என்ன கோளாறு என்று தெரியவில்லை. அவன் எழுந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து பொறுமையாகப் பார்க்க வேண்டும்.