உசிலம்பட்டி நிறுத்தம்

பஸ்சில் பெண்களுக்கு ஜன்னலோரம்தான் வசதி. போடியிலிருந்து மதுரைக்குப் போகும்போதெல்லாம் என் மனைவி பொன்னுமணிக்கு அந்த இடத்தைத் துண்டு போட்டுப் பிடித்துவிடுவேன். கல்யாணமாகி எட்டு வருடமாகப் பிள்ளை இல்லாதவளை வேறெப்படித் தாங்குவது?

எண்பத்தேழில் மதுரை டாக்டரம்மாள் அவளுக்குக் கரு தரிக்க மாத்திரை கொடுத்து, மாதம் ஒருமுறை ஸ்கேனுக்கு வரச் சொன்னார். கர்ப்பப்பையின் உட்புறத்தில் சவ்வு போதிய கனத்துக்கு வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்; அதில்தான் கரு ஒட்டிப் பிடிக்குமாம். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் படம் தெளிவாகத் தெரியும். ஆகவே வழியெல்லாம் தண்ணீர் குடித்து, ஸ்கேன் முடியும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். என்னைப் பரிசோதித்தாகிவிட்டதா என்றும் கேட்டார். போடியிலேயே முடிந்தது, குறையில்லை என்றேன். மரியாதை தெரிந்தவர், நம்பினார்.

தண்ணீர்த் தூக்கு என் கையில்தான் இருக்கும். தேனி தாண்டும்போதே பொன்னுமணியின் முகம் சுண்டிவிடும். ரோடு அப்படி. உசிலம்பட்டியில் பஸ் நின்றதும், "எறங்கு புள்ள, வெரசாப் போயிட்டு வந்துரு" என்பேன்.

"அடக்கணும்னு சொன்னாகள்ல மாமா?"

"அவுகளுக்கென்ன, ஃபேனுக்குக் கீழ உக்காந்து சொல்லுவாக. குலுங்குறது நீயா, அவுகளா? அங்க போயி ரெண்டு சொம்பு குடிச்சாச் சரியாப் போச்சு."

பின் சீட்டில் இருந்த ஒருத்தி ஒருமுறை சொன்னாள்: "குடுத்து வச்சவ தாயி நீ. என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, நான் செத்து விழுந்தாலும் டிக்கெட்டு வீணாப் போச்சேம்பாரு."

அங்கே போய்க் குடித்த தண்ணீர் உடனே இறங்குமா? படம் மங்கலாக வரும். காத்திருக்கச் சொன்னால், மலையில் ஏலக்காய் எடுப்பு நடக்கிறது, ஜீப்பு போய்விடும் என்பேன். சரி, அடுத்த மாதம் பார்ப்போம் என்பார் டாக்டரம்மாள். இப்படி நான்கைந்து மாதம் நிம்மதியாகப் போயிற்று. பொன்னுமணிக்கும் நம்பிக்கை இருந்தது. ஒருவர் நம்பிக்கையைக் கெடுப்பது பாவம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எழுபத்தாறில் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தேன். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குத் தோட்டம்தோறும் ஆள் அனுப்ப வேண்டும் என்றிருந்தது. ஜீப்பில் ஒரு ஆள் குறைந்தது. "ராக்கையா, நீ ஏறுடா. அடுத்த மாசம் நீதான் சூப்பர்வைசரு" என்றார் முதலாளி. எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. இரண்டு பிள்ளைகள் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். ஏறினேன். முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. சூப்பர்வைசர் என்பதால்தான் பொன்னுமணி வீட்டில் பெண் கொடுத்தார்கள். அந்த வேலையின் பலனை அவளும்தானே அனுபவித்தாள்?

ஆவணியில் அவள் உசிலம்பட்டியில் இறங்க மறுத்துவிட்டாள். "இன்னைக்கு உசுரே போனாலும் எறங்க மாட்டேன் மாமா" என்று முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படம் தெளிவாக விழுந்தது. முடிந்த கையோடு கட்டிலிலிருந்து இறங்கிக் கக்கூசுக்கு ஓடினாள். அவ்வளவு அடக்கியிருந்தாள். அந்த நேரத்தில்தான் டாக்டரம்மாள் என்னிடம் சொன்னார்: "சவ்வு நல்லா வளர்ந்திருக்கு. இவங்ககிட்ட ஒரு குறையும் இல்ல. உங்களைத்தான் மறுபடியும் பாக்கணும்."

ஈரக் கையைத் துடைத்தபடி வந்தவள், "என்ன மாமா சொன்னாக?" என்றாள்.

"சவ்வே வளரலையாம் புள்ள. இனிமே வர வேணாமாம்."

ஆண்டிப்பட்டி கணவாயில் பஸ் ஏறும்போது, "எந்தங்கச்சி மாயக்காளக் கட்டிக்கங்க மாமா. வேத்தாளு வந்தா என்னைய வெளிய தள்ளிருவா" என்றாள். நான் உடனே சம்மதிக்கவில்லை. தேனி வந்த பிறகுதான் சம்மதித்தேன்.

தையில் கல்யாணம் நடந்தது. மாயக்காள் கொஞ்சம் அழுதாள். புதுப்பெண் அழுவது வழக்கம்தான். வெளியிலிருந்தும் எனக்குப் பெண் கொடுக்க இரண்டு வீட்டார் முன்வந்தார்கள். நான்தான் வேண்டாமென்றேன். அக்காளுக்கும் பிள்ளை இல்லை, தங்கைக்கும் இல்லை என்றால், அது அந்த வீட்டுப் பெண்களின் உடல்வாகு என்று ஊரே சொல்லிக்கொள்ளும். பொன்னுமணி ஒருத்தியே பழி சுமக்க வேண்டியிருக்காது பாருங்கள்.