வெயில் காட்டிய வெடியுப்பு

சிவகாசி பட்டாசு மருந்துச் சோதனைக்கூடத்தின் தலைமைச் சோதனையாளர் பணியிலிருந்து 30.9.1966 அன்று ஓய்வு பெறும் திருமதி ஞானஜோதி அம்மையார் அவர்களுக்கு ஊழியர்கள் அளிக்கும் மடல்

அளந்து பேசும் அம்மையே! அளக்காத ஒன்றை ஒருபோதும் எழுதாத அன்னையே! எங்கள் பொறுமையைப் பல்லாண்டு பதம் பார்த்த பெருந்தகையே! வணக்கம்.

கம்பெனிகளின் மருந்தை நாம் சோதிக்கிறோம். நம்மைச் சோதிக்க டெல்லியில் ஒரு குழு இருக்கிறது. அது இந்தக் கட்டடத்துக்கு அங்கீகாரம் தருவதில்லை. இன்ன சோதனை, இன்னார் கையெழுத்து என்று குறித்தே தருகிறது. அந்த இன்னார் தாங்கள் ஒருவரே. தாங்கள் வாசலைத் தாண்டினால் அங்கீகாரமும் தாண்டிவிடும், அடுத்து அந்தப் பணிக்கு வரும் நம் இளைய சோதனையாளர் இன்பம் டெல்லியின் தேர்வில் தேறும்வரை. நம் சான்று இல்லாமல் வடநாட்டு ஆர்டர்க்காரர் எவரும் சரக்கெடுப்பதில்லை. தீபாவளியோ நெருங்கிவிட்டது.

போன வாரம் இன்பத்தைச் சோதிக்க டெல்லி அதிகாரி வந்தார். ஒரு டப்பா வெடியுப்பைக் கொடுத்து, இதில் ஈரம் எவ்வளவு என்று நாளைக்குள் சொல்லுங்கள் என்றுவிட்டு விருதுநகரில் தங்கப் போனார். அவர் போனதும் நம் கூடத்து ஏவலர் சங்கிலிமுத்து, விஸ்வநத்தத்தில் பட்டாசு காயப்போடும் களத்தில் வளர்ந்த கை சும்மா இருக்குமா, டப்பா முழுவதையும் மாடியில் பரப்பிவிட்டார்.

"கட்டி கட்டியா இருந்துச்சும்மா. அதான் கொஞ்சம் வெயில் காட்டுனேன்."

"ஏலே, ஈரம் எம்புட்டுன்னு பாக்கத்தானலே குடுத்துட்டுப் போயிருக்காக!" என்று எழுத்தர் வெள்ளைத்துரை தலையில் அடித்துக்கொண்டார். பிறகு தங்கள் பக்கம் திரும்பினார். "டப்பாவத் திறக்கையில ஒரு கட்டிய நசுக்கிப் பாத்தீகள்லம்மா? ஒங்க விரலுக்குத் தெரியாத ஈரமா? ஒரு நம்பரச் சொல்லுங்க, இன்பம் எழுதிக்கிடட்டும்."

"அப்ப நாளையிலருந்து கையெழுத்துப் போடப்போறது இன்பமா, என் விரலா?" என்றீர்கள்.

இன்பத்துக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது. இந்த அம்மாவுக்கு ஒரு எண்ணைச் சொல்ல என்ன வந்தது? தன்னை உயர்த்திவிட மனமில்லையோ என்றுகூட நினைத்தாள். அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். பேனாவின் மூடியை எப்போதோ கழற்றிவிட்டிருந்தாள். எண் வருமென்று அவளுடைய கை அவளைக் கேட்காமலே காத்திருந்திருக்கிறது. மூடியைப் போட்டாள். கோபம் மட்டும் போகவில்லை. இன்றும் முழுதாகப் போகவில்லை என்பதை இந்த அவையில் மறைப்பதற்கில்லை.

மறுநாள் காலை தாங்களே அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னீர்கள். அவர் தேர்வை நிறுத்தினார். புது டப்பா டெல்லியிலிருந்து அடுத்த மாதக் கடைசியில்தான் வரும். நேற்று மாலைவரை வந்த சரக்கையெல்லாம் சாப்பாட்டையும் மறந்து சோதித்துக் கையெழுத்திட்டீர்கள். வராத சரக்குக்கு வெறுந்தாளில் ஒரு கையெழுத்துக் கேட்டோம். கெஞ்சினோம். பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டீர்கள். சான்று கிடைக்காமல் நாரணாபுரத்தில் லோடு அடைபட்டு நிற்கும் பட்டாசு முதலாளி பெத்தணன் வாசலில் நின்று, "ஏன் தாயி, ஒங்க நேர்மைக்கு எங்க தீவாளிதானா கெடச்சுச்சு?" என்று கத்தினார்.

"ஆமா அண்ணாச்சி, இந்த வருசம் அப்பிடித்தான்" என்றீர்கள். இப்படிப்பட்டவரோடு எப்படியம்மா சண்டை போடுவது?

சலிக்க வைத்த சான்றோரே! தாங்கள் நோயின்றி, நொடியின்றி நெடுங்காலம் வாழ வேண்டும். புது டப்பா வரும் நாளில் தாங்களும் வாருங்கள், காபி தருகிறோம். ஆனால் இன்பத்தின் பின்னால் வந்து நிற்க வேண்டாம். அவள் தவறினாலும் அந்தத் தவறு அவளுடையதாகவே இருக்கட்டும்.

கூடத்தின் எந்தச் சான்றிலும் இன்று அவள் கையெழுத்துச் செல்லாது. இந்த மடலுக்கு டெல்லியின் அனுமதி வேண்டியதில்லை. ஆகவே முதலில் அவளே இடுகிறாள்.

இன்பம்
வெள்ளைத்துரை
சங்கிலிமுத்து
மற்றும் சோதனைக்கூட ஊழியர்கள்